பழைய காலத்து டிராக்டர்கள் உண்மையிலேயே நல்லவையா? ஓட்டுகிறவர்கள் சொல்வது என்ன?

கேள்வி இதுதான்: 1940களிலிருந்து 70கள் வரை வந்த டிராக்டர்களைச் சில விவசாயிகள் இன்னும் விடாமல் ஓட்டுகிறார்கள். அவை இன்றைய வண்டிகளைவிட உறுதியானவையா, இல்லை பழசு மேல் இருக்கிற பாசமா? வேலைக்கு என்று ஒன்று வாங்கினால் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

ஒரே மாடலைப் பற்றி இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "முப்பது வருஷமாக ஒரு தொல்லை இல்லை" என்பார். மற்றவர் "ஒரே வருஷத்தில் தலைமுழுகிவிட்டேன்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். முதல் ஆள் அதில் கலப்பை பூட்டி உழுதிருப்பார், டிரெய்லர் இழுத்திருப்பார். இரண்டாம் ஆள் ரோட்டவேட்டரோ (மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் கருவி) முன்பக்க லோடரோ (பாரம் அள்ளித் தூக்கும் வாளி) மாட்டியிருப்பார். பழைய டிராக்டரைப் பற்றி யார் என்ன கருத்துச் சொன்னாலும், "பின்னால் என்ன பூட்டினீர்கள்?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

"அந்தக் காலத்து இரும்பே வேறு" என்ற பேச்சை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். இன்றைக்கு ஓடிக்கொண்டிருப்பவை தப்பிப் பிழைத்தவை. உடைந்தவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன, அவற்றைப் பற்றிப் பேச ஆள் இல்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1958இல் கொண்டுவந்த 560 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின், பார்க்கவும் கம்பீரம். ஆனால் பின்பக்க கியர் அமைப்பு பெரும்பாலும் அதே நிறுவனத்தின் 1939இல் வந்த ஃபார்மால் எம் காலத்து வடிவமைப்பின் தொடர்ச்சி. புது இன்ஜினின் இழுவையை அது தாங்கவில்லை, பேரிங்குகள் போயின. 1959இல் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்க வேண்டிய நிலை வந்தது. ஃபோர்டு அதே ஆண்டில் கொண்டுவந்த செலக்ட்-ஓ-ஸ்பீடு கியர்பெட்டிக்கு விவசாயிகள் வைத்த பட்டப்பெயர் 'ஜெர்க்-ஓ-மேடிக்'. குலுக்கல் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, அந்தக் காலத்திலும் சொதப்பல் உண்டு.

அப்படியானால் ஓட்டுகிறவர்கள் எதை மெச்சுகிறார்கள்? கூர்ந்து கேட்டால், அவர்கள் "கெட்டுப்போகாது" என்று சொல்வதில்லை. "கெட்டால் நானே பார்த்துக்கொள்வேன்" என்கிறார்கள். பழைய டீசல் இன்ஜினுக்கு டீசல், காற்று, கம்ப்ரஷன் மூன்றும் இருந்தால் போதும். பம்ப் முழுக்க முழுக்க மெக்கானிக்கல். ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். நின்றுவிட்டால் ஃபில்டர் அடைப்பா, டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டதா, டீசலைப் பீய்ச்சும் நாசில் போயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். கையில் இரண்டு ஸ்பேனர் இருந்தால் வயலிலேயே அந்தக் காற்றை வெளியேற்றி ஓட்டிக்கொண்டு வீடு வந்துவிடலாம். மாஸி ஃபெர்குசன் 35இலும் 135இலும் வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜினை இத்தனை பேர் கொண்டாடுவதற்குக் காரணம் இதுதான். ஃபெர்குசன் டி.இ.20இன் இன்ஜினில் லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் உருளை உறை, தனியாகக் கழன்று வரும். பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போய் போர் போட வேண்டியதில்லை, வண்டி நிற்கிற இடத்திலேயே புது லைனர், பிஸ்டன், ரிங் மாட்டிவிடலாம். ஃபெர்குசனோடு ஒரு ஸ்பேனர் வரும். அதன் மேலேயே அளவுக் கோடுகள் போட்டிருக்கும். கலப்பையைச் சரிசெய்ய அந்த ஒன்றே பெரும்பாலும் போதும். ஒரு டிராக்டரைச் செய்தவர் யாரை மனதில் வைத்துச் செய்தார் என்பது இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான் தெரியும்.

புது டிராக்டர்கள் மேல் இருக்கிற எரிச்சலும் இந்த மெச்சலில் கலந்திருக்கிறது. சென்சார் ஒன்று போனால் வண்டி நகராது, கம்ப்யூட்டரோடு டீலரின் ஆள் வர வேண்டும், அறுவடை அதற்காகக் காத்திருக்காது. அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகி, 2025 ஜனவரியில் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் ஜான் டீர் நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. பழுதுபார்க்கும் மென்பொருளை முழுமையாக டீலர்களுக்கு மட்டும் தருகிறது என்பது புகார். 1963இல் வந்த அதே நிறுவனத்தின் 4020க்கும், 70களின் கடைசியில் வந்த 4440க்கும் ஏலத்தில் இன்னும் போட்டி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உழவுக்கு வருவோம். இங்கேதான் பழசு இன்னும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்த மூன்று முனை இணைப்புக்கு முன்னால் கலப்பை என்பது டிராக்டரின் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும் தனிப் பொருள். கொழு பாறையிலோ வேரிலோ மாட்டினால், பின்சக்கரம் சுற்ற வழியில்லாமல் டிராக்டரின் மூக்கு மேலே எழும்பும். 1917இல் வந்த ஃபோர்ட்சன் மாடல் எஃப் இப்படி மல்லாந்து ஓட்டுநரின் மேலேயே கவிழ்வதற்குப் பெயர்போனது. ஃபெர்குசன் முறையில் கலப்பை டிராக்டரின் ஓர் உறுப்பு மாதிரி. மண்ணின் இழுவை கூடும்போது டாப் லிங்க், அதாவது மூன்று முனைகளில் மேலே இருக்கும் இணைப்புத் தண்டு, முன்னோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தை ஹைட்ராலிக் வால்வு உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், கலப்பையின் பாரம் பின்சக்கரத்துக்கு ஏறும், சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். மூக்கு எழும்பாமல் அமுக்குவதும் அதே டாப் லிங்க்தான். ஒரு டன்னுக்குச் சற்று அதிகமாக எடை உள்ள சின்ன வண்டி இரண்டு கொழுக் கலப்பையை இழுத்தது இந்த உத்தியால். 1939இல் ஃபோர்டு 9என்னில் வந்தது, 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட டி.இ.20இல் உலகம் முழுக்கப் பரவியது. (எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் போய்ச் சேர்ந்தது இந்த டி.இ.20களில்தான், சக்கரத்தின் மேல் பட்டை மாட்டி.) இன்றைய டிராக்டரிலும் இருப்பது இதே மூன்று முனைதான். 1950இல் வந்த வண்டியில் போன வருஷம் செய்த கலப்பை பூட்ட முடிகிறது என்றால், வேறு எந்த இயந்திரத்தில் அப்படி நடக்கிறது?

குறை என்று கேட்டால், ஓட்டுகிறவர்கள் முதலில் சொல்வது கிளட்ச். வாங்குகிறவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஒரே கிளட்ச், ஒரே நிலை. அதை மிதித்தால் சக்கரமும் நிற்கும், பி.டி.ஓ.வும் (பின்னால் பூட்டிய கருவிக்கு இன்ஜினின் சுழற்சியைக் கொடுக்கும் தண்டு) நிற்கும். டி.இ.20இல் ஹைட்ராலிக் பம்பும் பி.டி.ஓ. தண்டிலேயே இருப்பதால் லிஃப்டும் நிற்கும். கலப்பை உழவில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பி.டி.ஓ.வில் ஓடும் அறுவடைக் கருவியை நினைத்துப் பாருங்கள். பயிர் அடர்த்தியாக வந்து கருவி திணறுகிறது. வண்டியை மட்டும் நிறுத்தி, கருவியை ஓடவிட்டு அடைப்பைத் தள்ளவைக்க வேண்டும். ஒற்றை கிளட்சில் அது முடியாது, இரண்டும் சேர்ந்து நிற்கும். இறங்கிப்போய்க் கையால் பிடுங்க வேண்டியதுதான்.

அதைவிட மோசமானது புதர் வெட்டும் கருவி. அதன் கனமான கத்தி சுற்றிக்கொண்டிருக்கும்போது வேலி ஓரம் வந்து கிளட்சை மிதிக்கிறீர்கள். இன்ஜின் பிரிந்துவிட்டது. ஆனால் கத்தியின் சுழற்சி பி.டி.ஓ. வழியாகக் கியர்பெட்டிக்குள் திரும்பி வந்து சக்கரத்தைச் சுற்றும். கிளட்ச் முழுக்க மிதித்த நிலையில் வண்டி முன்னால் போய்க்கொண்டே இருக்கும். முதல் தடவை இதை அனுபவிக்கிறவர் வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார். நான் ஒரு வாய்க்கால் கரையில் கற்றுக்கொண்டேன், முன்சக்கரம் இரண்டும் வாய்க்காலுக்குள். இதற்கு மருந்து உண்டு. ஒரு பக்கம் மட்டும் இழுத்து மறுபக்கம் சும்மா சுழலும் கப்ளிங் ஒன்றை பி.டி.ஓ. தண்டில் மாட்ட வேண்டும். செலவு பெரிதில்லை. ஒற்றை கிளட்ச் வண்டியில் சுழலும் கருவி பூட்டுகிறவர் இதை மாட்டாமல் இருப்பது வெறும் அசட்டுத் துணிச்சல்.

கனடாவின் காக்‌ஷட் நிறுவனம் 1946இலேயே தன் 30 மாடலில் இன்ஜினோடு நேராக ஓடும் தனி பி.டி.ஓ. கொடுத்துவிட்டது. மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். பிற்பாடு வந்த டபுள் கிளட்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். மாஸி 35, 135 இரண்டிலும் ஒற்றை கிளட்ச், டபுள் கிளட்ச் இரு வகையும் வந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். விற்கிறவரின் வாய்மொழியை நம்பாமல் ஓட்டிப் பாருங்கள்.

கியரும் இதே கதை. 9என்னில் முன்னோக்கி மூன்றே கியர். 1947இல் வந்த 8என்னில் நான்கானது. உழவுக்குப் போதும். ரோட்டவேட்டருக்கு பி.டி.ஓ.வை முழு வேகத்தில் சுற்றவிட்டு வண்டியை ஊர்ந்து போகவைக்க வேண்டும். இந்த வண்டிகளில் முதல் கியரே ஓட்டமாக இருக்கும். மண் பொடியாகாமல் மேலோட்டமாகக் கிளறிக்கொண்டு போகும். லோடர் மாட்டினாலோ, பவர் ஸ்டீயரிங் இல்லாத முன்சக்கரத்தின் மேல் பாரம் ஏறி, சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஸ்டீயரிங் பெட்டியும் கிங்பின்னும் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) சீக்கிரம் தேயும். லோடர் வேலைக்குப் பழைய சின்ன வண்டி வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இறக்கத்தில் காட்டும் குணம் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இன்டர்நேஷனலின் டார்க் ஆம்ப்ளிஃபயர் 1954இலும், மாஸியின் மல்டி-பவர் 1962இலும் வந்தன. கிளட்ச் மிதிக்காமலே இழுவையைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. ஏற்றத்தில் அருமை. ஆனால் இரண்டிலும் மெது நிலையில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் பாட்டுக்கு உருளுமே, அப்படி. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் வருகிறவர் "மெதுவாகப் போகலாம்" என்று லீவரை மெது நிலைக்குத் தள்ளினால் வண்டி வேகமெடுக்கும். பிரேக்கோ, பின் அச்சு ஆயில் சீல் கசிந்து லைனிங்கெல்லாம் எண்ணெயாக இருக்கும். இறக்கத்தில் வேக நிலையில் மட்டும் வைத்து, கியரைக் கீழே போட்டு இறங்க வேண்டும். இதைச் சொல்லித் தராமல் இந்த வண்டியை வேறொருவர் கையில் கொடுக்கவே கூடாது.

கவிழ்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய டிராக்டர்க்காரர்கள் தாங்களாக இதைச் சொல்ல மாட்டார்கள். "அம்பது வருஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். ஆனவர் வந்து பேச முடியாது அல்லவா? ஸ்வீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயம் என்று கொண்டுவந்தது. பல நாடுகளுக்கு அது வந்து சேரப் பத்து, இருபது வருஷம் ஆனது. அதனால் நாம் பேசுகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் தலைக்கு மேல் வானம்தான். முன்சக்கரங்கள் இரண்டும் ஒட்டி நிற்கும் மூன்று சக்கர வடிவ ஃபார்மால், ஜான் டீர் வண்டிகள் வரிசைப் பயிருக்கு நல்லவை, சரிவில் திருப்பினால் சுலபமாகச் சாயும். பின் அச்சில் இறுக்கும் இரண்டு தூண் சட்டகங்கள் பல பழைய மாடல்களுக்குக் கிடைக்கின்றன. அளவு பார்த்துச் செய்து சோதித்த சட்டகமாக வாங்கி மாட்டுங்கள், சீட் பெல்ட்டோடு. கையிலிருக்கிற குழாயை வளைத்துப் பற்றவைத்தது கவிழும்போது மடங்கிவிடும்.

இன்னொரு கெட்ட பழக்கம், சாவியோ சுவிட்சோ வேலை செய்யாததால் தரையில் நின்றபடி செல்ஃப் மோட்டாரின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்வது. நிற்கிற இடம் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். வண்டி கியரில் இருந்தால் அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், டி.இ.20இல் இதற்குத் தீர்வு அப்போதே இருந்தது. கியர் லீவரை 'எஸ்' என்று குறித்த இடத்துக்குத் தள்ளினால்தான் செல்ஃப் சுற்றும், ஆகவே கியரில் இருக்கும்போது சுற்றவே வழியில்லை. ஒயரைப் பிடுங்கி அதையும் கெடுத்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் காது. கேபின் இல்லாத பழைய டீசலில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்களைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம், பக்கத்தில் இருப்பவரிடமும் உரக்கத்தான் பேசுவார்கள். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டிங் விஷயத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாதகம். மாஸி 35இல் தொடக்கத்தில் வந்த நான்கு சிலிண்டர் டீசல் குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்த பிறகே அந்த மாடலுக்குப் பெயர் வந்தது. ஆகவே "35" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், சிலிண்டரை எண்ணுங்கள். 1952இல் வந்த ஃபோர்ட்சன் மேஜர் டீசல் உழைப்பாளி. ஆனால் அதன் பம்பில் காற்று உறிஞ்சலால் இயங்கும் கவர்னர், அதாவது இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் பாகம். உள்ளே இருக்கும் தோல் சவ்வு காய்ந்து கிழிந்தால் இன்ஜின் வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடும். பம்பே போய்விட்டது என்று பயந்து பெரிய செலவு செய்தவர்கள் உண்டு, மாற்ற வேண்டியது ஒரு சவ்வு. ஜான் டீர் 4020இன் ஆரம்ப டீசல் வண்டிகளில் 24 வோல்ட் ஒயரிங், அதுவும் பாடியில் எர்த் இல்லாத விசித்திர ஏற்பாடு. நிறையப் பேர் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள், நல்ல காரியம். 8என்னின் 6 வோல்ட்டுக்கும் அதேதான். பெட்ரோல் வண்டிகளில் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் அரிக்கும். லான்ஸ் புல்டாக் போல ஊதுவிளக்கால் இன்ஜினின் தலைப்பகுதியைச் சூடாக்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றி ஃப்ளைவீலில் செருகிச் சுற்றிக் கிளப்பும் வண்டிகள் பார்க்க அழகு. வேலைக்கு அவற்றை யாரும் சிபாரிசு செய்யமாட்டார்கள்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பது எத்தனை வண்டி விற்றது என்பதைப் பொறுத்தது. 8என்னும் டி.இ.20உம் தலா ஐந்து லட்சத்துக்கு மேல் போனவை. மாஸி 35, 135 வகை இந்தியா, பாகிஸ்தான், யூகோஸ்லாவியா என்று பல நாடுகளில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டவை. அதனால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. தரத்துக்குத்தான் பஞ்சம்: மலிவான ரிங்கும் சீலும் ஒரு பருவம் தாண்டாது. அரிதான வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு கிரௌன் பினியன் (பின் அச்சைச் சுற்றவைக்கும் பற்சக்கர ஜோடி) உடைந்தால் அது கொட்டகையின் அலங்காரப் பொருள்.

வாங்கலாமா? அது ஒன்றுதான் உங்கள் டிராக்டர் என்றால் வேண்டாம். இரண்டாவது வண்டி என்றால் தாராளமாக வாங்கலாம். விதைக்கும் கருவியையோ தண்ணீர் பம்பையோ பருவம் முழுக்கக் கழற்றாமல் பூட்டி வைக்க, டிரெய்லர் இழுக்க, இதைவிடக் குறைந்த முதலில் வேறு எதுவும் கிடைக்காது.

பார்க்கப் போகும்போது சொல்லாமல் போங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஏற்கெனவே சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளம்பாத வண்டி என்று சந்தேகப்படலாம். ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள், குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் போயிற்று. பின்பெட்டி ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் கியர் லீவர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பிய பின் டயர் என்றால், வால்வைச் சுற்றி ரிம் அரித்திருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். கலப்பையைத் தூக்கி வைத்து இன்ஜினை அணைத்து, உரிமையாளரோடு பேசிக்கொண்டிருங்கள். பேச்சு முடிவதற்குள் கலப்பை தரையைத் தொட்டுவிட்டால் லிஃப்டுக்கு வேலை இருக்கிறது. கடைசியாக ஒரு சரிவில் இறக்கி, கியர் தானாக நழுவுகிறதா, பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.